இடமாகச் சுற்றிய சுருள்

என் அன்புக்குரிய ரஞ்சி அக்கா,

நீங்கள் போய் இன்றோடு இருபத்திரண்டு நாள். நான் இன்னும் அதே அகதி விடுதியில், அதே இரண்டாம் மாடி அறையில்தான் இருக்கிறேன். நீங்கள் முன்பு படுத்த கட்டிலில் இப்போது ஓர் எத்தியோப்பியப் பெண் படுக்கிறாள். நல்லவள். ஆனால் என்னை ஏசுவதற்குத்தான் ஆளில்லை.

வியாழக்கிழமைக் கைவேலை வகுப்பு தேவாலய மண்டபத்தில் வழமைபோல நடக்கிறது. பருவத்துக்கு ஒரு வேலை சொல்லித் தரும் ஹைக்கே, உங்கள் கதிரையில் யாரையும் இருக்க விடுவதில்லை.

அந்த முதல் குளிர்காலம் நினைவிருக்கிறதா? ஹைக்கே ஒரு கல்லின் படத்தைக் காட்டினார். அதில் மூன்று சுருள்கள், ஒன்றோடொன்று பிணைந்து. கெல்டியர் என்ற பழைய சனங்களின் சின்னம் என்றார். வெயில் வளரும் காலத்துக்கு வலமாகவும், குளிர் இறங்கும் காலத்துக்கு இடமாகவும் சுற்ற வேண்டுமாம். மார்கழிச் சந்தைக்கு, தடித்த கம்பளி நூலைச் சுருட்டிச் சீலையில் தைத்துத் தரச் சொன்னார்.

நான் இடமாகத் தொடங்கியதும் என் கையைத் தட்டிவிட்டீர்கள்.

"எடி, அது செத்தவீட்டுச் சுத்து. வலமாச் சுத்து."

இருபது சீலையையும் வலமாகவே தைத்து முடித்தோம். ஹைக்கே வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். எல்லாம் கோடைச் சுருள் என்றார். நீங்கள் அசையவில்லை. மொழிபெயர்க்கச் சொல்லி என்னை முழங்கையால் இடித்தீர்கள்.

"இந்தக் குளிருக்கை ஒரு வெயில் தொங்கினா ஆருக்கு நட்டம் எண்டு கேள்."

கேட்டேன். ஹைக்கே சிரித்துவிட்டார். இருபதும் விற்றுப் போயின.

பிறகு உங்களை டுசல்டோர்ஃப் நகரப் பக்கத்து விடுதிக்கு மாற்றினார்கள். நாற்பது கிலோமீட்டர்தான். ஆனால் நாட்டைவிட்டு அனுப்பாமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டிக் கொடுக்கும் என் டுல்டுங் கடதாசியில், மாவட்டத்தைத் தாண்டக் கூடாது என்று முத்திரை குத்தியிருக்கிறது. ஒன்றரை வருடம் உங்கள் குரலை மட்டும் தொலைபேசி அட்டையில் கேட்டேன். இதற்குப் பெயர் அடைக்கலமாம்.

நெஞ்சுவலியில் நீங்கள் போய்விட்டதாக உங்கள் மச்சாள் சொன்ன அன்றே, அனுமதி கேட்டு அலுவலகத்துக்கு ஓடினேன். படிவத்தில் 'இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு' என்று ஒரு கட்டம் இருந்தது. 'தோழி' என்று எழுதினேன். கூடப் பிறக்காதவரை அக்கா என்று எழுதி, அது பொய்யென்று பிடிபட்டால் டுல்டுங்கும் போய்விடுமே என்ற பயம். நெருங்கிய உறவுக்கு மட்டும்தான் உடனே அனுமதி என்று சொல்லிப் படிவத்தைத் திருப்பித் தந்தார்கள்.

உங்களைத் தகனத்துக்குக் கொண்டுபோகும் நேரத்தில், பஸ் ஏறி மாவட்ட எல்லைப் பலகை வரை வந்தேன். அங்கேயே நின்றேன். கார்கள் எல்லாம் தாண்டிப் போயின. என் கால் மட்டும் வரவில்லை. எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது, அக்கா. நீங்களாயிருந்தால் தாண்டியிருப்பீர்களா?

போன வியாழன் முதல் தடவையாக இடமாகச் சுற்றினேன். ஹைக்கேவுக்குக் காரணம் விளங்கியிருக்க வேண்டும். கறுப்பு நூலை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனார். நூல் உள்ளுக்குள்ளே போய்ப் போய் நடுவில் முட்டி நின்றது. அதற்குமேல் போக இடமில்லை. இந்த அறையில் என் காலமும் அப்படித்தான் போகிறது.

நேற்று மறுபடியும் படிவம் கொடுத்தேன், உங்கள் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு. அதே கட்டம். இந்தத் தடவை 'சகோதரி' என்று எழுதினேன். அலுவலகத்து அம்மா நம் இருவரின் குடும்பப் பெயரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனாலும் திருத்தவில்லை. பதில் அடுத்த கிழமை வருமாம். இந்தக் கடிதம் நம் சனங்களின் சஞ்சிகையில் வந்தாலும் பயமில்லை, அலுவலகத்தாருக்குத் தமிழ் தெரியாது.

அனுமதி கிடைத்தால் இடமாகச் சுற்றிய அந்தக் கறுப்புச் சுருள் சீலையைக் கொண்டுவந்து உங்கள் படத்தின் முன்னால் வைப்பேன். கிடைக்காவிட்டாலும் கொண்டுவருவேன். இந்தத் தடவை பலகையோடு நிற்க மாட்டேன்.

இப்படிக்கு,
படிவத்தில் எழுதியபடியே,
உங்கள் தங்கச்சி
வசந்தி