இத்தாலிக்காரனுக்கு ஓர் இலை

ரங்கூன் லான்மடாவில் உன் மகன் திறந்திருக்கும் டீக்கடைக்குப் போன வாரம் போனேன். வாசலிலேயே ஈச்சாக்வே மாவுக்குச்சி பொரிகிற எண்ணெய் வாசனை. நனைந்த குடையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து நிமிர்ந்தால், கல்லாவுக்கு மேலே பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு அந்த இத்தாலிக்காரன்! தோல் குல்லாய், நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி, முதுகுக்குப் பின்னால் இரட்டை இறக்கை விமானம். உங்கள் வீட்டுச் சாமி அறையில் உள்ளங்கை அளவில் இருந்த படத்தைப் பெரிதாக்கி, வண்ணம் பூசி, முகத்தை நம் ஆட்களின் மாநிறத்துக்கு மாற்றி, மாலையும் போட்டிருக்கிறான் குமார். கீழே பர்மிய எழுத்தில், ‘எங்கள் தாத்தா, போர் விமானி.’ கடைக்குப் பெயரும் பைலட்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீ வந்தது, தொடவில்லை. நீ இருந்திருந்தால் அந்தச் சட்டம் அப்போதே தெருவில் கிடந்திருக்கும்.

துறைமுகத்தில் நாம் இருவரும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் ஆடி அமாவாசைக்கு என்னை வீட்டுக்கு அழைத்தாய். உன் அப்பா அப்போது நல்ல திடமாக இருந்தார். தம் பெற்றோருக்கு இலை போட்டுப் படைத்துவிட்டு, தள்ளி இன்னோர் இலை போட்டார். அதில் சோறு இல்லை. ரொட்டியும், பால் விடாத காப்பியும். எதிரே, பொட்டு வைத்த கண்ணாடிக்குள் இந்த வெள்ளைக்காரன். “உங்க வீட்டு ஆளா?” என்று உன் காதில் கேட்டேன். “விருந்தாளி” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டாய்.

பிறகு டாலாவில் இருக்கும் என் வீட்டுக்கு நீ வரும் ஞாயிற்றுக்கிழமைகளில், ஆற்றைக் கடக்கும் படகில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாய். படகின் இரைச்சலுக்கு மேலே நீ கத்திச் சொல்ல, பக்கத்தில் கோழிக்கூடையோடு உட்கார்ந்திருக்கிறவர்கள், சண்டை போடுகிறோம் என்று நினைத்து நகர்ந்து உட்காருவார்கள்.

இரண்டாம் உலகப் போரில் அந்த இத்தாலிக்காரப் பையனை அவன் ராஜாங்கம் கப்பலேற்றி ஆப்பிரிக்காவின் மேட்டு நிலத்துக்கு அனுப்பியது. கொடுத்த விமானம் துணி போர்த்தியது. மேலும் கீழுமாக இரண்டு இறக்கை, நடுவே கம்பிக் கட்டு, மேலே மூடியில்லாத இருக்கை. குளிரில் விரல் விறைத்துப்போய்த் துப்பாக்கிப் பொத்தானை அமுக்க வராதாம். ஆனாலும் கெட்டிக்காரன். சுழன்று திரும்புவதில் அவனுக்கு இணையில்லை. ஆரம்பத்தில் பிரிட்டிஷ்காரனின் பெரிய குண்டு விமானம் ஒன்றை வீழ்த்தினான், நெஞ்சில் பதக்கம் குத்தினார்கள். அதோடு ஊர்க்காரர்கள் அவனை மறந்தார்கள். கடல்வழி அடைபட்டது. உதிரிச் சாமான் வரவில்லை. நொறுங்கிய விமானங்களிலிருந்து கழற்றி இன்னொன்றை ஒட்டுப் போட்டார்கள். இறக்கையில் ஓட்டை விழுந்தால் படுக்கை விரிப்பைக் கிழித்துப் பசை தடவி மூடினார்கள். எதிரியிடம் அதைவிட வேகமான ஒற்றை இறக்கை விமானங்கள் வந்து இறங்கிவிட்டன. சாப்பாட்டு மேசையில் நாற்காலிகள் காலியாகிக்கொண்டே வந்தன. இருந்தும் தினமும் காலையில் ‘ஏறு’ என்றார்கள், ஏறினான். கடைசியில் எஞ்சினில் அடிபட்டு, வறண்ட ஆற்றுப் படுகையில் இறங்கினான். தொடையில் குண்டு. விமானத்தின் நிழலிலேயே உட்கார்ந்திருந்தவனை நம் இந்தியப் பட்டாளம் பிடித்தது.

அந்தப் பட்டாளத்தில் உன் அப்பா லாரி ஓட்டினார். கைதியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வழியெல்லாம் காய்ச்சலில் பிதற்றியவன், தெளிந்தபோது அரைகுறை இங்கிலீஷில் தன் கதையைச் சொன்னான். ரொட்டியும் கருப்புக் காப்பியும் கேட்டான். உன் அப்பா எங்கே போவார்? வெறும் தண்ணீர்தான் கொடுக்க முடிந்தது. சட்டைப் பையிலிருந்து படத்தை எடுத்து அவர் கையில் திணித்துவிட்டு லாரியிலேயே கண்ணை மூடினான். முள்மரத்தடியில் உன் அப்பா தாமே குழி தோண்டினார். இரண்டு குச்சியைச் சேர்த்துக் கட்டிச் சிலுவை நட்டார். அவருக்குப் பழக்கமான சடங்கு அது இல்லையே, அதனால் இடுப்பில் முடிந்திருந்த திருநீற்றையும் கொஞ்சம் தூவினார். சண்டை முடிந்து, மாமனை நம்பி ரங்கூன் துறைமுகத்துக்கு வந்தபோது அந்தப் படமும் கூடவே வந்தது. “அவனுக்கு அங்க யாரு இருக்கா? நான்தானே” என்று வருஷா வருஷம் இலை போட்டார்.

இதைச் சொல்லி முடிக்கும்போதெல்லாம் நீ படகின் கம்பியில் ஓங்கி அடிப்பாய். “அவன் துணி பிளேன்ல பறந்தான். எங்கப்பன் துணிக்கூரை லாரி ஓட்டினான். அனுப்பினவன் எல்லாம் கல்லுக் கட்டடத்துல உக்காந்து சுருட்டுப் பிடிச்சான்யா!”

என்னிடம் இத்தனை தடவை கத்தினாயே, பெற்ற பிள்ளையிடம் ஒரு தடவை உட்கார்ந்து சொன்னாயா? நீ தமிழில் பேச அவன் பர்மியத்தில் பதில் சொல்ல, ஒரே வீட்டில் இரண்டு கரையாக இருந்தீர்கள். உன்மேலும் கோபம்தான் எனக்கு. செத்தவன் என்பதற்காக விட்டுவிட மாட்டேன்.

கடையில் குமாரைக் கூப்பிட்டு, “என்னடா இது?” என்றேன்.

“நல்லாருக்குல்ல மாமா? சனம் நின்னு போட்டோ எடுத்துட்டுப் போகுது.”

“இவரு உன் தாத்தா இல்லடா. உன் தாத்தா லாரி ஓட்டினவரு.”

விழித்தான். “சாமி ரூம்ல பொட்டு வெச்சு மாட்டிருக்கு. சின்னதுலேர்ந்து கும்புடுறேன். தாத்தா இல்லாம யாரு?”

அவனைச் சொல்லி என்ன? உன் அப்பா படம் பிடித்துக்கொண்டதே அபூர்வம். அடையாள அட்டையில் இருந்த ஒரே முகத்தையும் ரங்கூன் மழையும் பூஞ்சையும் சேர்ந்து தின்றுவிட்டன. அவர் போன பிறகு, வெறும் சுவரோரமாக நீ அவருக்கு இலை போடுவாய். அதைக் கேட்டேன். “அது காக்காய்க்குன்னு நெனச்சேன் மாமா” என்றான்.

முழுக்கதையையும் சொன்னேன். தலையைச் சொறிந்தான். பிறகு சொன்னானே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. “லாரி டிரைவர்னு போட்டா யாரு மாமா டீ குடிக்க வருவா? யாபாடே, பரவால்ல, விடுங்க.” தெரியாமல் செய்தது பிழை. தெரிந்த பிறகும் பரவாயில்லை என்றால் அதற்கு என்ன பெயர்? நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டு மழையில் இறங்கிவிட்டேன். குடையைக்கூட அங்கேயே விட்டுவிட்டேன்.

நேற்று ஆடி அமாவாசை. நீ போன பிறகு வரும் முதல் ஆடி. அழைக்காமலே உன் வீட்டுக்குப் போனேன். உன் புதுப்படத்துக்கு முன்னால் ஓர் இலை. இத்தாலிக்காரனுக்கு முன்னால் சோறு, சாம்பார், வடை, பாயசத்தோடு ஓர் இலை. சுவரோரம் ஒன்றுமே இல்லை. “பெரியவருக்கு இலை எங்கேம்மா?” என்று உன் மருமகளைக் கேட்டால் விமானியைக் காட்டுகிறாள். முழங்கால் வலியோடு நாற்காலியில் இருந்த உன் மனைவி என்னைப் பார்த்தாள். “நான் சொன்னா யாருண்ணே கேக்குறா?” என்றாள்.

நான் யாரையும் கேட்கவில்லை. அந்தச் சோற்று இலையை அப்படியே இழுத்து வெறும் சுவருக்கு முன்னால் வைத்தேன். வெள்ளைக்காரனுக்கு வேறு இலை போட்டு, ரொட்டியும் கருப்புக் காப்பியும் கொண்டுவரச் சொன்னேன்.

“சுவத்துக்கா மாமா சோறு?” என்றான் குமார்.

அவனுக்கு ஒரு சொல்லும் தப்பாமல் புரிய வேண்டுமே என்று இந்தத் தடவை பர்மியத்திலேயே சொன்னேன். அந்தப் படத்தில் இருப்பவனுக்குக் குழி தோண்டிய கை இந்தச் சுவரில் இருக்கிறது, அந்தக் கை இல்லாவிட்டால் அவனுக்கும் இலை கிடையாது, உனக்கும் கடை கிடையாது என்றேன். தெருவரைக்கும் கேட்டிருக்கும். கோபம்தான், வேறொன்றும் இல்லை.

வெறும் சுவரைத் திரும்பிப் பார்த்தான். பிறகு மெதுவாக, “தாத்தா பேரு என்ன மாமா?” என்று கேட்டான்.

பேரனுக்குப் பெயர்கூடத் தெரியவில்லையப்பா. “மாடசாமி” என்றேன். குங்குமத்தைத் தொட்டு, வெறும் சுவரில் முகம் இருக்கும் உயரத்துக்கு ஒரு பொட்டு வைத்தான்.

அதோடு என் மனம் ஆறிவிடவில்லை. கடையில் அந்தப் படம் இன்னும் தொங்குகிறது, இன்று காலையிலும் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். டீ கொண்டுவந்து வைத்தான், ஆற விட்டுவிட்டு எழுந்தேன். நாளைக்கும் போவேன். எந்த இலை யாருக்கு என்று உன் வீட்டில் பிறக்காத எனக்குத்தான் தெரியும் என்ற நிலையில் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாய். மாடசாமி என்று கல்லாவுக்கு மேலே அந்தச் சுவரில் எழுதுகிறவரைக்கும் உன் மகன் கடையில் ஒரு வாய் டீ குடிக்க மாட்டேன்.