சேரம்பாடியிலிருந்து நேராக ஒரு பஸ்

அக்கா,

இன்று பனியன் கம்பெனியில் பக்கத்து டேபிள் பெண், தலைவலி என்று எலுமிச்சம்பழத் தோலை நகத்தால் கீறி முகர்ந்துகொண்டிருந்தாள். அந்த வாசனை வந்ததும் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. கூடலூர் தாண்டி பஸ் மேடேறும் வளைவுகளில், நீங்களும் இப்படித்தான் ஒரு பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி என் தோளில் சாய்ந்திருப்பீர்கள்.

சேரம்பாடித் தேயிலைத் தோட்டத்து லயத்தில் உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். சிலோன் தோட்டத்திலிருந்து சிறுபிள்ளையாக வந்தவர் நீங்கள். கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வாக்கப்பட்டு வந்தவள் நான். பக்கத்துப் பக்கத்து நிரையில்தான் கொழுந்து பறித்தோம். உங்கள் மார்பில் கட்டி இருப்பதைப் பெற்ற மகனிடம் சொல்லக் கூச்சப்பட்டு முதலில் என்னிடம்தான் சொன்னீர்கள்.

கோயம்புத்தூர் பெரியாஸ்பத்திரியில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். அப்போது நமக்கு அது பெரிய பயமாக இல்லை. விடிகாலையில் கோயம்புத்தூர் வழியாகத் திருப்பூர் போகும் நேர் பஸ் ஒன்று இருந்தது. ஏறி உட்கார்ந்தால் ஊட்டி, குன்னூர், மேட்டுப்பாளையம் என்று எங்கும் இறங்காமல் போய்விடலாம்.

அதே நேரத்தில்தான் தேயிலை விலை படுத்தது. சம்பளம் இழுத்தடித்து, பிறகு நின்றே போனது. ஃபேக்டரியைப் பூட்டினார்கள். பறிக்க ஆளில்லாத செடிகள் மரமாக வளர்ந்து வழியை மறைத்தன. ஒவ்வொரு குடும்பமாகப் பாய் தலையணையைக் கட்டி, அந்த நேர் பஸ்ஸில் ஏறித் திருப்பூருக்குப் போனது. உங்கள் மகனும் போனான். "மாசாமாசம் வந்துருவேம்மா, நேர் பஸ்ஸு இருக்குல்ல" என்று படியில் நின்று கையாட்டினான்.

ஒரு நாள் நாம் போய் நின்றோம், பஸ் வரவில்லை. "வண்டிய நிறுத்திட்டாங்களாம், ஏற ஆளில்லையாம்" என்றார் டீக்கடைக்காரர்.

நாம் நான்கைந்து பெண்களாகப் பணிமனைக்குப் போய்க் கேட்டோம். அங்கிருந்தவர் தன்மையாகத்தான் பேசினார். "கூட்டம் வந்தா மறுபடி விடுவோம்மா" என்றார். எல்லோரும் தலையாட்டிக்கொண்டு திரும்பினோம். நீங்கள் மட்டும் நகரவில்லை.

"கூட்டம் போனதே அந்த பஸ்ஸுலதானுங்க ஐயா. இனி எதுல ஏறி வரும்?"



அதன்பிறகு கூடலூரில் ஒன்று, ஊட்டியில் ஒன்று, மேட்டுப்பாளையத்தில் ஒன்று என்று மாறி மாறி ஏறினோம். போய்ச் சேர்வதற்குள் ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்கும் ஜன்னலை மூடியிருந்தார்கள். நாளைக்கு வாங்க என்றார்கள். மறுநாள் ஊசி ஏற்றிக்கொண்டு திரும்பும்போது ஊட்டியிலிருந்து நிற்கத்தான் இடம் கிடைத்தது. நீங்கள் முந்தானையிலேயே வாந்தி எடுத்தீர்கள். பக்கத்தில் நின்றவர்கள் விலகிக்கொண்டார்கள்.

அடுத்த தவணைக்குப் பையோடு உங்கள் வாசலில் வந்து நின்றேன். சேலை மாற்றித் தலைவாரி, கட்டிலில் உட்கார்ந்திருந்தீர்கள். எழுந்திருக்கவில்லை.

"இனி ஏலாது புள்ள. நீ வேலையப் பாரு."

"என்னங்க்கா இப்படிப் பேசறீங்க? பாதியில விட்டா என்னாகறது?"

"என்னாகும்னு எனக்குத் தெரியாதா? வாந்தி எடுத்துக்கிட்டு நடுரோட்டுல போறதுக்கு, இந்தச் செவத்த பாத்துக்கிட்டே போயிடுறேன்."

கெஞ்சினேன், சண்டை போட்டேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். நீங்கள் அசையவில்லை. ஊசியை நிறுத்தியதை மகனிடம் சொல்லக் கூடாது என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கினீர்கள். அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் முனகுவதைக் கேட்டபடியே நான் சோறாக்கினேன்.

ஆடி மழையில் போய்விட்டீர்கள். போன் போனதும் உங்கள் மகன் கிளம்பிவிட்டான். ஊட்டியில் இருக்கேன், கூடலூர் வண்டிக்கு நிக்கறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். குழியில் தண்ணீர் ஏறுகிறது, இனியும் வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் தூக்கிவிட்டார்கள். அவன் வந்தபோது மண் மேடாகியிருந்தது. நனைந்த சட்டையோடு அதன் பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்தான்.

"கொஞ்ச நேரம் வச்சிருக்கக் கூடாதா சித்தி?"



பிறகு நானும் திருப்பூருக்கே வந்துவிட்டேன். இங்கே தெருமுனையில் நின்றால் ஒரு பஸ் போக ஒரு பஸ் வருகிறது. போன வாரம் எனக்குக் காய்ச்சல். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டேன். மதியச் சோற்றுக்கு வீட்டில் இருந்தேன். அவ்வளவுதான் அக்கா. ஆஸ்பத்திரிக்குப் போவது என்றால் இங்கே அவ்வளவுதான்.

ஊசி போட்ட நர்ஸ் என் முகத்தைப் பார்த்துப் பதறிப்போனாள். "ரொம்ப வலிக்குதுங்களாம்மா?" என்று கேட்டாள்.

ஆமாங்க என்றேன்.