கவர்னர் குதிரை குளித்த கிணறு

ஜனவரி 12, ஞாயிறு

நெல்லித்தோப்புச் சக்கரவர்த்தி கலியபெருமாளாகிய நான் இன்று காலை என் சேனையைப் பார்வையிட்டேன். பதினோரு பேர். தங்கச்சி மகள் கவிநிலா போனில் ஏதோ போட்டாளாம், மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். வாலண்டியர்களாம்.

மனையில் பாதிதான் என் தோட்டம். மீதிப் பாதி இடிந்த செங்கல், சீமைக் கருவேலம். அதையும் தோட்டமாக்கப் போகிறோம். உழவு கிடையாது, மருந்து கிடையாது, சருகு ஒன்றைக்கூடக் கொளுத்தக் கூடாது, எல்லாம் மண்ணுக்கே மூடாக்கு. பெர்மாகல்ச்சர் என்கிறாள். பதினோரு வருஷமா என்னைச் சோம்பேறின்னாங்களே, அதுக்கு இங்கிலீஷ்ல பேர் இருக்குது.

மனை என்னுடையது இல்லை. மில்லில் என்னோடு தறி ஓட்டிய கிறிஸ்துதாஸுடையது. மனைவி பக்கத்தில் பிரெஞ்சு நேஷனாலிட்டி கிடைத்து பிரான்சுக்குப் போனபோது, "நீ பாத்துக்கடா" என்றான். அவன் செத்து மூன்று வருஷம். பாரீசில் இருக்கும் மகள் ரோசாவுக்கு இது குப்பைமேடு. அப்படியே நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

ஜனவரி 26

கருவேல வேர். நூற்றெட்டு யானை இழுத்தாலும் வராததை நான் ஒற்றைக் கையால் பிடுங்கினேன். (கூடப் பிடித்தவர்கள் ஒன்பது பேர்.)

பிப்ரவரி 9, ஞாயிறு

வாழைக்குழி வெட்டி முடித்து மோர் குடித்துக்கொண்டிருந்தோம். கண்ணாடி போட்ட ஒரு பெண், "இந்தக் கெணறு எவ்ளோ பழசு தாத்தா?" என்றாள்.

தாத்தாவாம். அந்தக் கடுப்பில்தான் வாய் திறந்தது. இருநூற்றைம்பது வருஷம் என்றேன். பிரெஞ்சுக்காரன் காலத்தில் கவர்னர் துரை தன் குதிரை குளிப்பதற்கென்றே வெட்டியது, வெள்ளிக்கிழமைதோறும் பன்னீர் ஊற்றுவார்கள் என்றேன். அத்தனை பேரும் போனை எடுத்தார்கள்.

ஒன்பது வருஷத்துக்கு முன் நானும் தெருமுனைக் காய்க்கடை அம்மாவாசையும் தோண்டிய உறைக்கிணறு அது. பதினெட்டு அடி. உறை இறக்கும்போது அவனுக்குக் கால் நகம் ஒன்று போயிற்று. இன்று காதோரம் வந்தான்.

"மூணரை அடி ஒறைய்யா. குதிரை எப்டிய்யா எறங்கும்?"

"அந்தக் காலத்துக் குதிரை ஒல்லி."

மார்ச் 2

வீடியோவை நாலு லட்சம் பேர் பார்த்தார்களாம். சிமெண்ட் உறை தெரிந்தால் நன்றாயில்லை என்று பிள்ளைகள் செம்மண்ணும் சுண்ணாம்பும் பூசினார்கள். கடுக்காய்த் தண்ணீர் கலந்துகொடுத்தது யார்? நான்தான். இப்போது எனக்கே குதிரை கனைப்பது கேட்கிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

புதுப் பாதியில் முதல் பூசணி. எடை ஒரு டன். அம்மாவாசை தராசில் ஆறு கிலோ.

ஜூன் 18

ரோசா பேசினாள். அப்பன் செத்ததற்கு அப்புறம் இதுதான் முதல் போன்.

"அங்கிள், நம்ம எடத்துல கவர்னர் கெணறு இருக்குதுன்னு அப்பா சொல்லவே இல்லையே."

நம்ம எடம்.

அது சும்மா விட்ட கதைம்மா என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லலே? நாலு லட்சம் பேர் முன்னாடி இன்னும் கொஞ்ச நாள் பெரிய மனுஷனா இருக்கலாம்னா? இடத்தைக் கவனித்துக்கொண்டதற்கு பிரெஞ்சில் மெர்சி என்று நன்றி சொன்னாள். வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வந்துவிட்டாள். கூடவே டேப் பிடித்து அளக்க ஒரு ஆள். ஹோட்டல் கட்டப் போகிறாளாம்: புதுப் பாதியில் ஆறு ரூம், கிணற்றைச் சுற்றிச் சாப்பாட்டு மேசைகள்.

கிணற்றடியில் நின்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பொய், குதிரை பொய், நானும் அம்மாவாசையும் வெட்டினது, வேணும்னா அவன் கால் நகத்தப் பாரு. வாழ்க்கையில் நான் மிகைப்படுத்தாமல் பேசியது அந்த ஐந்து நிமிஷம்தான்.

சிரித்தாள். "தெரியும் அங்கிள். உள்ள எட்டிப் பாத்தா சிமெண்ட்டு தெரியுது. யாரு கேக்கப் போறா? கதை நல்லா இருக்குது."

கவிநிலாவிடம் சொன்னேன். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை.

"ஏழு மாசம் வெட்டுனாங்க மாமா அந்தப் புள்ளைங்க. யாரும் கேக்காத எடமா இருந்துச்சு. நீங்கதான் ஊரக் கூப்ட்டுக் காட்டுனீங்க."

இனி என் வீட்டுப் பக்கம் வர மாட்டேன் என்று போய்விட்டாள்.

செப்டம்பர் 5

ஜேசிபி. வாழைக்குழி போச்சு, கெணத்தச் சுத்தி என் பழைய தோட்டமும் போச்சு. மண்ண அள்ளிப் பாத்தேன் — கறுப்பா, பொலபொலன்னு, புழு நெளியுது. பதினோரு வருஷம். அதும்மேல சதுரக் கல்லு பதிக்கப் போறானுங்களாம்.

செப்டம்பர் 6

எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

ஹோட்டல் திறந்தாயிற்று, ரோசா எனக்கு உத்தியோகம் கொடுத்திருக்கிறாள். வெள்ளைச் சட்டை, இடுப்பில் சிவப்புப் பட்டி. சாயங்காலம் ஆறு மணிக்குக் கிணற்றடியில் நின்று குதிரைக் கதை சொல்ல வேண்டும். ஏன் ஒத்துக்கொண்டேன்? மிச்சமிருக்கும் நாலு வாழைக்கும் ஒரு முருங்கைக்கும் தண்ணீர் ஊற்ற உள்ளே போக வேறு வழியில்லை.

இன்று பெங்களூரிலிருந்து வந்த ஒரு பெண் முருங்கை இலையைத் தடவிப் பார்த்தாள். "கிணறு கவர்னரோடது, சரி. இந்த மரமெல்லாம் யார் வெச்சது?" என்று கேட்டாள்.

வாசலில் அம்மாவாசை நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அதுவும் கவர்னர் துரைதான் என்றேன். அவள் எழுதிக்கொண்டாள்.