குதிரைகளுக்கு ஒதுக்கிய இடம்

6 ஜனவரி 2025, திங்கள்

குறைதீர் நாளில் மனு கொடுத்தாயிற்று. மேல்மட்டம் என்கிற எங்கள் குடியிருப்பின் பதினான்கு வீட்டுக்கும் சேர்த்து ஒரே மனு. எழுதியது வழக்கம்போல் நான். பத்தாவதில் கணக்கில் தவறியவன்தான். ஆனாலும் இங்கே ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வேண்டுமென்றால்கூட இந்த அழகையாவிடம்தான் வருவார்கள். டீ பேக்டரியில் டிரையர் பக்கத்தில் நின்று வேகிறவனுக்கு இது ஒரு பதவி. “மாவட்ட ஆட்சியர் அவர்களின் மேலான சமூகத்திற்கு” என்று தொடங்கும்போது எனக்கே எழுந்து நிற்கத் தோன்றும்.

கேட்டது ஒன்றுதான், பட்டா. இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து இந்த மேட்டில் குடிசை போட்டு நாற்பத்தொன்பது வருஷம். அப்போது எனக்கு நான்கு வயது. வீட்டு வரி ரசீது உண்டு, கரண்டு உண்டு. இடம் எங்களுடையது என்று சொல்லும் தாள் மட்டும் கிடையாது.

அடுத்த வீடு தங்கை சுகுணாவுடையது. இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து. அவள் புருஷன் பழனியாண்டி கையெழுத்துப் போட்டுவிட்டு, “பட்டா வரட்டும் மச்சான், உன்னைத் தோள்ல தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போறேன்” என்றார். என் எடை தெரியாமல் பேசுகிறார்.

13 பிப்ரவரி

ரெவின்யூ ஆர்.ஐ. வந்து இடத்தைப் பார்த்துவிட்டுப் போனார். கடைசி வீட்டுக் கருப்பம்மாக்கா வடை சுட்டாள். அவருக்கு இரண்டு, எனக்கு நான்கு. போகும்போது, “பழைய ரெக்கார்டு எடுத்துப் பாக்கணுங்க” என்றார். பார்க்கட்டுமே. திருடியா வைத்திருக்கிறோம்?

4 மார்ச், செவ்வாய்

தாலுகா ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

கோகிலவாணி என்று ஒரு கிளார்க் அம்மா. தட்டினால் பொடிப்பொடியாக உதிர்கிற ஒரு பழைய புத்தகத்தைத் திறந்து காட்டினார். வெள்ளைக்காரன் காலத்து நில அளவைப் பதிவேடு. நூற்று நாற்பது வருஷத்துக்கு முந்தையது. எங்கள் மேட்டுக்கு நேராக இங்கிலீஷில் ஒரு வரி.

“முகாம் மைதானம்னு போட்டிருக்குங்க. துரைமாரு குதிரையில சுத்தி வரும்போது கூடாரம் அடிக்கறதுக்கு. பொது உபயோகத்துக்குன்னு ஒதுக்குனது.”

“இப்ப ஏதுங்கம்மா குதிரை?”

“குதிரை இல்லீங்க. ஒதுக்குனது இருக்குதே. ரத்து பண்ணின உத்தரவு எதுவும் இல்ல.” அப்புறம் குரலைத் தாழ்த்தி, “சீசனுக்கு வர்ற காரு நிறுத்த இடம் தேடிட்டிருக்காங்க. நீங்க மனு குடுக்கலைன்னா இந்தப் புத்தகத்தை யாருங்க தொறக்கப் போறாங்க?” என்றார்.

திட்டவில்லை. இரக்கத்தோடுதான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

கப்பலிலிருந்து இறங்கியதும் எங்களைப் போட்டது மண்டபம் முகாமில். அங்கே தொடங்கி முகாம் மைதானத்துக்கு வந்திருக்கிறோம். பெரிய முன்னேற்றம்.

5 மார்ச்

யாரிடமும் சொல்லவில்லை. ராஜகுமாரி மட்டும், “ஏனுங்க, நேத்துலருந்து மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?” என்றாள். மூஞ்சி எப்போதும் இப்படித்தான் என்றேன். கட்டிக்கொண்டு இருபத்து நாலு வருஷமான பெண்டாட்டியிடம் அது எடுபடுமா?

21 மார்ச், வெள்ளி

பதினான்கு கதவிலும் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். ‘ஆக்கிரமிப்பு’ என்று போட்டிருக்கிறது.

எல்லோரும் அதைப் படித்துக் காட்டச் சொல்லி என்னிடமே வந்தார்கள். படித்தேன். ‘பார்வையில் காணும் மனு’ என்று என் மனுவின் தேதி இருந்தது. அதை விட்டுவிட்டுப் படித்தேன். சுமலதா கல்லூரியில் பி.காம். படிக்கிறவள், விடுவாளா? “அப்பா, ஒரு வரி விட்டுட்டீங்க” என்று அவளே வாசித்தாள்.

யாரும் கத்தவில்லை. கருப்பம்மாக்கா மட்டும், “சும்மா கெடந்திருக்கலாமே சாமி” என்றாள். எனக்கு முன்பே தெரியும் என்பதை அப்போதும் நான் சொல்லவில்லை.

9 ஏப்ரல், புதன்

அளந்தார்கள். கூடலூர்ப் பக்கத்துச் சர்வேயர், ஜெனிஸ் என்று பெயர். உதவியாளர் வரவில்லை போலிருக்கிறது. “யாராச்சும் டேப்போட முனைய பிடிங்க” என்றார்.

யார் முன்னால் போயிருப்பார்? நானேதான். ஆபீசர் கூப்பிட்டால் என் கால் என்னைக் கேட்பதில்லை.

ரோட்டோரம் புதருக்குள் கிடந்த பழைய எல்லைக் கல்லைத் தோண்டிக் கண்டுபிடித்தார். அங்கிருந்து அளந்துகொண்டே வந்தார். நான் டேப்பை இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். என் வீட்டுக்கும் சுகுணா வீட்டுக்கும் நடுவே, அந்தச் சந்தில் வந்து டேப் நின்றது. ஜெனிஸ் வரைபடத்தை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார்.

“சேட்டா, உங்க வீடு வெளியே வருது. இது வேற நம்பர், தரிசு. பட்டாவுக்கு வழி உண்டு.”

பதின்மூன்று வீடு உள்ளே. என் வீடு வெளியே.

நெஞ்சுக்குள் சந்தோஷம் வந்தது. ஒரு நொடிதான் என்று எழுத வந்தேன். பொய். சாயங்காலம் வரை இருந்தது.

பழனியாண்டி கேட்டார்: “டேப்பு யாரு கையில இருந்துச்சு மச்சான்?”

அவ்வளவுதான் கேட்டார்.

10 ஏப்ரல்

சுகுணா குழாயடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

24 ஏப்ரல், வியாழன்

மறுபடி அளக்கச் சொல்லி மற்றப் பதின்மூன்று வீட்டாரும் மனு கொடுத்திருக்கிறார்கள். ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்தது. கடைக்காரர் கமலேஷ் எனக்கு ஒரு நகல் காட்டினார். ‘மேற்படி அழகையா என்பவர் டேப்பைத் தன் வசதிக்கு இழுத்துப் பிடித்து’ என்று இருந்தது. ‘அதிகாரி’ என்பதில் கால் விட்டுப் போயிருந்தது. சர்வே நம்பர் தப்பு. கீழே தேதியே இல்லை. இந்த மனு நிற்காது என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. பேனாவை எடுத்துத் திருத்திக் கொடுத்துவிடலாமா என்று கை துடித்தது. என்மேல் புகார், அதை நானே திருத்துவதா! சிரித்துவிட்டேன். கமலேஷ் சிரிக்கவில்லை.

இழுத்தேனா? இல்லை. கல்லிலிருந்து நேராகத்தான் வந்தேன். இதைத் தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

15 மே

மனு தள்ளுபடி. தேதி இல்லை, நம்பர் பொருந்தவில்லை என்றார்களாம்.

சுமலதா கேட்டாள்: “அப்பா, நமக்கும் பட்டா வேண்டாம்னு எழுதிக் குடுத்துரலாமா? அத்தைகூட சேந்து நின்ன மாதிரியாவது இருக்கும்.”

எழுதலாம் என்றேன்.

ஊரில் யார் யாருக்கோ எழுதிக் கொடுத்த கை. இரவாகிவிட்டது, அதை மட்டும் இன்னும் எழுதவில்லை.

11 ஜூன், புதன்

இடித்தார்கள். மழை. காலை பத்து மணிக்குத் தொடங்கி, மூன்று மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. கட்டுவதற்கு ஒவ்வொருவருக்கும் எத்தனை வருஷம் ஆயிற்று!

மேட்டுப்பாளையம் பக்கம் அடுக்குமாடியில் வீடு தருகிறார்களாம். அங்கே தேயிலைக் கொழுந்து இல்லை. சுகுணா பன்னிரண்டு வயதிலிருந்து கொழுந்து கிள்ளுகிறவள். அவள் அங்கே எதைக் கிள்ளுவாள்?

பீரோவை வேனில் ஏற்ற ஆள் போதவில்லை. போய் ஒரு முனையைப் பிடித்தேன். பழனியாண்டி தன் முனையைக் கீழே வைத்துவிட்டார். “நீ விடு மச்சான். நீ பிடிச்சதெல்லாம் போதும்.”

சுகுணா வேனின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ராஜகுமாரி சோற்றுப் பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டினாள். வாங்கிக்கொண்டாள். “அண்ணி, நீங்க போய் நனையாம நில்லுங்க” என்றாள். என்னை ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்... திட்டிட்டுப் போயிருக்கலாமே, சுகுணா. ஒரு வார்த்தை திட்டிட்டுப் போயிருந்தா என்ன!

12 ஜூன்

சமையல் கட்டிலிருந்து பார்த்தால் இப்போது நேராக ரோடு தெரிகிறது.

19 ஆகஸ்ட்

சிமெண்டு போட்டு மஞ்சள் கோடு கிழித்தாயிற்று. இன்று முப்பது கார் இருக்கும். ஒருவர் கதவைத் தட்டி, “பாத்ரூம் இருக்குங்களா?” என்றார். இன்னொருவர் வீட்டைப் படம் எடுத்துவிட்டு, “தனியா இருக்கீங்க, எவ்வளவு அமைதி!” என்றார். ஆமாம் என்றேன்.

சுமலதா ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாள். பஸ்ஸில் போய்வரக் கஷ்டமாக இருக்கிறதாம். இரண்டு வருஷம் போய்வந்த பஸ்தான்.

8 அக்டோபர், புதன்

வி.ஏ.ஓ. ஆபீசில் கூப்பிட்டார்கள். பட்டா தயார், பாரம் ஒன்று பூர்த்தி செய்ய வேண்டும். அங்கே இருக்கும் ஜீவா, “நாலு எல்லையும் நீங்களே எழுதிருங்கண்ணா, உங்க கையெழுத்து அழகா இருக்கும்” என்றான்.

வடக்கே தார்ச்சாலை. தெற்கே எஸ்டேட் வேலி. மேற்கே ஓடை. கிழக்கே... கை தானாகப் போய் ‘சுகுணா வீடு’ என்று எழுதிவிட்டது.

ஜீவா எட்டிப் பார்த்தான். “அப்படி ஒரு வீடு இல்லீங்களேண்ணா” என்றான். குத்தலாக இல்லை, சாதாரணமாகத்தான். “அடிச்சுத் திருத்துனா மேல ஒத்துக்க மாட்டாங்க. வேற பாரம் தரேன்.”

வாங்கிக்கொண்டேன். முதலிலிருந்து எழுதினேன். வடக்கே தார்ச்சாலை. தெற்கே எஸ்டேட் வேலி. மேற்கே ஓடை. கிழக்கே அரசு வாகன நிறுத்துமிடம்.