ஜீனாவின் பெயர் எழுதிய தாள்

குன்னத்துகால்,
அக்டோபர் 14.

கர்த்தருக்குள் அன்பான தங்கை ஷீனாவுக்கு,

அக்கா பிரேமகுமாரி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீயும் அகிலேஷும் பிள்ளைகளும் நலமாயிருக்க ஜெபிக்கிறேன். இதைப் போனில் சொன்னால் நீ பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் வெள்ளிக்கிழமை ஷார்ஜாவுக்குத் திரும்பும் பக்கத்து வீட்டு ஜினுவிடம் கடிதமாகக் கொடுத்து விடுகிறேன்.

அப்பாவின் பழைய வேதபுத்தகத்தைப் பாறசாலையில் பைண்டிங் செய்யக் கொடுத்தது உனக்குத் தெரியும். புது அட்டை போட்டு அழகாகத்தான் வந்தது. திறந்தால் முதல் தாள் இல்லை. வீட்டுப் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் அப்பா தன் கையால் எழுதி வைத்த தாள். என் ஜீனாவின் பெயரும் அதில்தான் இருந்தது. பதினொரு நாள் இருந்தவள். ஞானஸ்நானத்துக்கு முன்பே போய்விட்டதால் சபைப் பதிவில் அவள் இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் வெறும் 'பெண் குழந்தை'. ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. அவளுக்கு ஒரு பெயர் இருந்தது என்று சொல்ல அந்த ஒரு வரிதான் இருந்தது.

முதலில் பைண்டர் சஜுவைப் பிடித்தேன். மூன்று தடவை கடைக்குப் போய்க் குப்பைக் கூடையைக்கூடக் கொட்டிப் பார்த்தேன். "அக்கா, அந்தத் தாளு எனக்க கையில வரவே இல்ல, சத்தியமாக்கும்" என்றான். நம்பவில்லை. அடுத்தது தம்பி ஜெயசிங். புத்தகத்தைக் கடைக்குக் கொண்டுபோனது அவன்தானே. "எனக்கு அந்தத் தாளு எதுக்குக்கா? பேசாம இரி" என்று கத்தினான். பத்து நாளாக இந்தப் பக்கமே வரவில்லை. அவன் பெண்சாதி மரச்சீனிக் கிழங்கு கொடுத்தனுப்பினாள். அதையும் சந்தேகத்தோடுதான் வேகவைத்தேன்.

போன ஞாயிறு, ஒரு தாளைக் காணவில்லை என்று மட்டும் உன்னிடம் போனில் சொன்னேன். "முதல் தாளா அக்கா?" என்று கேட்டாய். எந்தத் தாள் என்று நான் சொல்லவே இல்லை. ஆயிரம் பக்கத்துக்கு மேல் உள்ள புத்தகம், ஷீனா. பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன், மே மாதம் வந்தபோது, அது இருந்த அறையில் ஒரு வாரம் தங்கியவள் நீ. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

கோபம் இல்லை என்று பொய் எழுத மாட்டேன். கோபம் உண்டு. காரணமும் தெரியும். நீ வீட்டை மீறி அகிலேஷைக் கட்டிய அன்று அப்பா உன் பெயரின் மேல் பேனாவால் கோடு இழுத்தார். பக்கத்தில் நின்ற நான் அவர் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. அந்தக் கோட்டை உன் பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று நினைத்திருப்பாய். நானாக இருந்தாலும் கிழித்திருப்பேன்.

என் சந்தேகம் தப்பென்றால் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். சரியென்றால் உன் பெயர் உள்ள பகுதியை வெட்டி என்ன வேண்டுமானாலும் செய்துகொள். இங்கே யாரும் கேட்க மாட்டோம். ஜீனாவின் பெயர் உள்ள கடைசி வரியை மட்டும் எனக்கு அனுப்பு.

முழுத் தாளையும் எரித்துவிட்டாய் என்றால், அதை எனக்கு எழுதாதே. நான் சஜுவையே சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்துவிடுகிறேன்.

கர்த்தர் உன் பிள்ளைகளுக்குத் தீர்க்காயுசு தரட்டும்.

உன் அக்கா,
பிரேமகுமாரி