கண்டல் இலையில் உப்பு

1958 பிப்ரவரி 3, திங்கள்

காலையில் பனி. அல்சூர் ஏரிப் பக்கம் எதிரே வரும் சைக்கிள் தெரியவில்லை. பங்களாவுக்கு இன்றும் முதல் ஆள் நான்தான். வாட்ச்மேனையே நான்தான் எழுப்பினேன். (கிட்டத்தட்ட.)

கண்டல் செடி: முழங்கால் உயரம். இலை பதினான்கு. போன வருஷம் சிதம்பரம் பக்கம் ஒரு சாவுக்குப் போனபோது, உப்பங்கழியில் இடுப்பளவு சேற்றில் இறங்கிப் பிடுங்கியது. கிரசின் டின்னில் வைத்து, ரயிலில் மடியிலேயே வந்தது. பெங்களூரில் கடல் மரம் வளர்த்த முதல் ஆள் நான்தான். வெள்ளைக்காரனே முயன்று தோற்றான் என்று ஐயாவிடம் சொல்லியிருக்கிறேன். தோற்றிருப்பான்.

தினம் ஒரு பிடி கல்லுப்பு, ஒரு குடம் தண்ணீரில். கடல் மரத்துக்குக் கடல்தானே சாப்பாடு.

ஐயா (பங்களாக்காரர், ரிட்டையர்டு இன்ஜினீயர், மரம் என்றால் பைத்தியம்) இன்று தோட்டக்காரர்கள் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். சர்க்கார் தோட்டத்தில் மேஸ்திரி வேலை ஒன்று காலி. ஒருவருக்குத்தான் கடிதம் தருவார். மாதக் கடைசியில் கண்டல் தழைத்து நின்றால் எனக்கு. இல்லாவிட்டால் நஞ்சப்பாவுக்கு. ரோஜாப் பாத்தி பார்க்கும் மாலி அவன், தொம்மலூர்க்காரன். கேட்டுவிட்டுச் சிரித்தான்.

எதற்குச் சிரித்தான்?

வாங்க வேண்டியது: சைக்கிளுக்கு டியூப். அஞ்சலைக்குத் தலைவலித் தைலம். உப்பு.

பிப். 5, புதன்

நல்ல வெயில். காற்றில் ஈரமே இல்லை. உதடு வெடிக்கிறது.

இலைமேல் வெள்ளைப் பொடி. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. யாரோ தூவியிருக்கிறார்கள்.

முதல் சந்தேகம் வீட்டுக்காரி அஞ்சலை மேல். எனக்கு வேலை கிடைக்கட்டும் என்று திருஷ்டி சுற்றிய உப்பைக் கொண்டுவந்து போட்டிருப்பாளோ? ராத்திரிச் சோற்றின்போது கேட்டேன்.

"உன் மூஞ்சிக்கே நான் திருஷ்டி சுத்துனதில்ல. செடிக்கு வந்து சுத்துறனா?"

நியாயம்தான். அப்படியானால் அவன்தான். இனி அவன் பெயரை முழுதாக எழுதப்போவதில்லை. இந்த டைரி யார் கையிலாவது சிக்கினால் வம்பு. ந. போதும்.

பிப். 6, வியாழன்

ஈரத் துணியால் இலை இலையாகத் துடைத்தேன். நான்கு மணிக்கு மறுபடி பொடி.

ந.வின் சாப்பாட்டுத் தூக்கு மூடி திறந்திருந்தது. நெல்லிக்காய் ஐந்து. பக்கத்தில் ஒரு பொட்டலம் உப்பு. வேறென்ன சாட்சி வேண்டும்?

அத்திபெலேயில் உப்பு மந்திரித்துக் கொடுப்பவன் ஒருவன் இருக்கிறானாம். வாட்ச்மேன் சொன்னார். மந்திரித்த உப்பைச் சுத்தமான உப்பால்தான் முறிக்க முடியும். (இது நான் சொன்னது. வாட்ச்மேன் ஆமாம் என்றார்.) இன்று முதல் இரண்டு பிடி.

பிப். 8, சனி

இரண்டு இலை ஓரம் கருகிவிட்டது. பொடி முன்னைவிடக் கனம். மூன்று பிடி ஊற்றினேன். பிறகு நேரே ஐயாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். கழுத்தளவு சேற்றில், முதலைக்குப் பக்கத்தில் நின்று பிடுங்கிய செடி ஐயா, அதைக் கொல்கிறான் என்றேன். அவன் உப்புத் தூவியதைப் பார்த்தேன் என்றும் சொன்னேன். பொட்டலத்தைப் பார்த்தேன். எல்லாம் ஒன்றுதான்.

ஐயா அவனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நனகேனு கொத்தில்ல சாமி. எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்தச் செடி பக்கமே நான் போறதில்ல." பிறகு என் பக்கம் திரும்பினான். "நீ பார்த்தியா அண்ணா? கண்ணால?"

"ரெண்டு கண்ணாலயும்."

திங்கள் முதல் வர வேண்டாம், சொல்லி அனுப்பும்போது வந்தால் போதும் என்றார் ஐயா. ந. கத்தரியைத் துடைத்து ஆணியில் மாட்டினான். தூக்கை எடுத்துக்கொண்டு போனான். நெல்லிக்காயை மட்டும் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

சைக்கிள் டியூப் மாற்றியாயிற்று.

பிப். 10, திங்கள்

ந. இல்லை. பொடி இருக்கிறது.

ஆள் வைத்துச் செய்கிறான். தொட்டியைக் கண்ணாடி ஜன்னல் வைத்த விதை அறைக்குள் தூக்கி வைத்துப் பூட்டினேன். சாவி என் அரைஞாணில். கதவில் ஒரு நூலும் கட்டினேன்.

பிப். 11, செவ்வாய்

நூல் கட்டியது கட்டியபடி. பூட்டு பூட்டியபடி. இலையில் பொடி.

இன்னொரு சாவி யாரிடம்? வாட்ச்மேன். சமையல்காரர். அரை மணி நேரம் ஐயாமேல்கூடச் சந்தேகப்பட்டேன்.

மத்தியானம் அஞ்சலை சோறு கொண்டுவந்தாள். செடியைப் பார்க்க வேண்டும் என்றாள். ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"மேல தூவுனது அடியில எப்டி ஒட்டும்?"

நானும் திருப்பிப் பார்த்தேன். அடியிலும் பொடி.

"தெனம் எவ்ளோ உப்பு ஊத்துற?"

"மூணு பிடி."

"வேர்த்துக்கீது. நீ ஊத்துனதத்தான் வெளிய தள்ளுது. நம்ம சட்டையில வெள்ளையா பூக்குதில்ல, அந்த மாதிரி."

சோற்றை அப்படியே மூடி வைத்தேன். கத்தரிக்காய்க் குழம்பு. நன்றாகத்தான் இருந்திருக்கும்.

பிப். 12, புதன்

வெறும் தண்ணீர்தான் ஊற்றினேன். சாயங்காலம் தொம்மலூர்.

ந. வாசலில் கோணி தைத்துக்கொண்டிருந்தான். உட்காரச் சொல்லவில்லை. உப்பங்கழியில் மீனவர்கள் எனக்கு முன்பே சொன்ன ரகசியம் ஒன்று என்று ஆரம்பித்தேன். பொய் பாதிக்குமேல் போகவில்லை. செடிதான் உப்பு விடுகிறது, நீ இல்லை என்று சொல்லி முடித்தேன்.

ஊசியை நிறுத்தாமல் கேட்டான்: "ஐயாகிட்ட சொன்னியா?"

"நாளைக்கு."

"அங்க சொல்லு மொதல்ல."

பிப். 13, வியாழன்

மேகம். மழை இல்லை.

ஐயா பூதக்கண்ணாடி வைத்து இலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். குழந்தை மாதிரி சந்தோஷம். "யாருய்யா இதக் கண்டுபிடிச்சது?"

என் நாக்கு எனக்குத் தெரியும். நான் என்று சொல்லத்தான் அது எழுந்தது.

"நஞ்சப்பா, ஐயா. செடிதான் உப்பு விடுதுன்னு அவன் அன்னைக்கே சொன்னான். நான்தான் கேக்கல."

"கண்ணால பார்த்தேன்னியே?"

"பார்க்கல, ஐயா."

ஐயா பூதக்கண்ணாடியை மேஜைமேல் வைத்தார். பிறகு பேனாவை எடுத்தார். கடிதம் நஞ்சப்பாவுக்கு.

வீட்டில் சொன்னேன். கண்டுபிடித்தது அஞ்சலைதானே, கோபப்படுவாள் என்று நினைத்தேன். "எனுக்கு எதுக்கு மேஸ்திரி வேல" என்று சிரித்துவிட்டுத் தைலத்தைக் கேட்டாள். வாங்க மறந்துவிட்டேன்.

பிப். 15, சனி

கண்டலில் புதுத் துளிர் ஒன்று. இலையில் பொடி குறைவு.

நஞ்சப்பா வந்தான், கத்தரியை எடுத்துக்கொண்டு போக. கேட்டுக்கு வெளியே டீ வாங்கிக் கொடுத்தேன்.

"என் பேர ஏன் சொன்னே?"

"சும்மாதான்."

என் முகத்தைப் பார்த்தான். டீயை முகர்ந்து பார்த்தான். அவன் கிளாஸை என் பக்கம் தள்ளிவிட்டு, என் கிளாஸை எடுத்துக் குடித்தான்.