முதுகுக்குப் பின்னால் ஒரு துடுப்பு

ஆகஸ்ட் 25, திங்கள்

கூடாரத்தைக் கொல்லையில் விரித்துப் போட்டோம். ஒரு மூலையை எலி கடித்திருக்கிறது. தைத்துவிடலாம் என்கிறான் ஆர்வோ. உலகத்தில் எது கிழிந்தாலும் என் புருஷன் அதைத்தான் சொல்வான்.

செப்டம்பர் 12-க்குத் தோணிப் பயண அனுமதிச் சீட்டு இருக்கிறது. ஜனவரியிலேயே வாங்கியது. அந்த ஏரிக்கு அந்தத் தேதிதான், விட்டால் போச்சு. மகள் லின்னேயாவுக்கு வெள்ளிக்கிழமை மட்டும் பள்ளிக்கு லீவு சொன்னால் போதும். கொசு செத்திருக்கும், மேப்பிள் மரங்கள் சிவக்க ஆரம்பித்திருக்கும், கோடைக்கு வந்த கூட்டமெல்லாம் ஊர் திரும்பியிருக்கும். வருஷத்தில் எனக்குப் பிடித்த நாட்களே அவைதான்.

இந்தத் தடவையும் நடுவில்தான் உட்கார வேண்டும் என்றதும் லின்னேயா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். தோணியில் துடுப்பில்லாமல் நடுவில் உட்கார்ந்து வருகிற ஆளை இங்கே எல்லாரும் மூட்டை என்றுதான் சொல்வோம்.

"எனக்குப் பத்து வயசாச்சு. இன்னும் நான் மூட்டையா?"

"நல்ல மூட்டை பேசாது," என்றான் ஆர்வோ.

சொல்லிக்கொண்டே காபி ஊற்றினான். கோப்பை நிறைந்தது. வழிந்தது. அவன் ஊற்றிக்கொண்டே இருந்தான். மேசையிலிருந்து என் மடியில் சொட்டி நான் கத்தியபோதும் நிமிரவில்லை. பிறகு கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தான்.

"காபியை யாரு கொட்டினது?"

விளையாடுகிறான் என்று லின்னேயா சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

ஆகஸ்ட் 27, புதன்

காபிதானே. யாருக்கும் கை தவறும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பயணத்துக்கு முன்னால் ஆர்வோ தோணியைத் தோளில் கவிழ்த்துக்கொண்டு தெருவைச் சுற்றி வருவான். ஒரு ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குக் காட்டுப் பாதையில் அதைத் தூக்கிப் போகணுமே, அதற்குத் தோளைப் பழக்குகிறானாம். எங்கள் தெருவுக்கு இது வருஷா வருஷம் வருகிற வேடிக்கை. தோணிக்குள் தலை போய்விடும். பார்க்கிறவர்களுக்கு முதுகும் காலும்தான் தெரியும்.

எதிர்வீட்டு கார்டி வாசலில் பீர் டின்னோடு உட்கார்ந்திருந்தான்.

"என்னப்பா ஆர்வோ, தொப்பி கொஞ்சம் பெரிசா எடுத்துட்டியா?"

"உன் தலைக்கு அளவெடுத்தது கார்டி. அதான் இவ்வளவு பெரிசு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

முனையில் திரும்பும் இடத்தில் கால்கள் நின்றன. கார்டி இன்னும் ஏதோ சொன்னான். பதில் இல்லை. "கோவிச்சுக்கிட்டான்பா," என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். ஆர்வோ கிண்டலுக்குப் பதில் சொல்லாமல் விடுகிற ஆள் இல்லை. நான் ஓடினேன். குனிந்து தோணிக்குள் பார்த்தேன்.

கண் திறந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. வாய் மட்டும் எதையோ மென்றுகொண்டிருந்தது. வாயில் ஒன்றுமில்லை.

எவ்வளவு நேரம் அப்படிக் குனிந்திருந்தேனோ. திடீரென்று கண்ணில் ஆள் வந்தான்.

"என்ன இங்க குனிஞ்சு நிக்கிறே? வழி விடு."

"ஏன் நின்னே?"

"நான் எங்க நின்னேன்?"

தோணியோடு நடந்து போய்விட்டான்.

செப்டம்பர் 2, செவ்வாய்

வேலையில் மனசு போகவில்லை. பல் டாக்டரிடம் வந்த இரண்டு பேருக்கு ஒரே நேரத்தை எழுதிக் கொடுத்தேன். இப்போது சாப்பாட்டு இடைவேளை. காரில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கல்யாணமான நாளிலிருந்து தோணியில் நான் முன்னால், அவன் பின்னால். பாரமானவன் பின்னால் உட்கார்ந்து திருப்புவான், அதுதான் வழக்கம். தோணியில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பினால் ஆடும். அவன் இருக்கிறான் என்பது முதுகுக்குப் பின்னால் கேட்கிற துடுப்புச் சத்தம்தான்.

அந்தச் சத்தம் நின்றால்?

இரண்டாம் நாள் கடக்க வேண்டியது பெரிய ஏரி. மத்தியானமானால் காற்று எழும். நடு ஏரியில் அவன் அப்படி மென்றுகொண்டே பக்கவாட்டில் சரிந்தால் தோணி கவிழும். செப்டம்பர் தண்ணீர். கொஞ்ச நேரத்தில் விரல் மடங்காது. நான் யாரைப் பிடிப்பேன்? ஒரு கையில் லின்னேயாவையா, இன்னொரு கையில் அவனையா? அப்புறம் தோணியை எதால் பிடிப்பது?

பயமாயிருக்கு. எழுதிட்டேன். எனக்குப் பயமாயிருக்கு.

செப்டம்பர் 4, வியாழன்

சொல்லிவிட்டேன். அவன் கரடிக்கு எட்டாமல் சாப்பாட்டைத் தொங்கவிடும் கயிற்றைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். டாக்டரிடம் போகலாம் என்றேன்.

"எதுக்கு? தூக்கம் கம்மி, அவ்வளவுதான்."

"தூங்கற மூஞ்சி இல்ல அது. நான் பாத்தேன்."

"கிளினிக்ல இதைப் போய்ச் சொன்னேன்னு வை, முதல்ல வண்டிச் சாவியைத்தான் பிடுங்குவாங்க. குளிர்காலத்துல நான் லாரியில பனி தள்ளுற ரோட்டை வேற எவனோ தள்ளுவான். அதை நான் ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

"ஆர்வோ, கண்ணு திறந்திருந்துச்சு. நீ அங்க இல்ல."

"நடக்காததை நடந்துச்சுன்னு சொல்றே கிரெட்டா. என் உடம்பு எனக்குத் தெரியாதா?"

கோபத்தில்கூடப் பொய் சொல்லத் தெரியாதவன். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியவில்லை. பொய் என்றால் சண்டை போட்டாவது வெளியே இழுக்கலாம்.

செப்டம்பர் 6, சனி

சனிக்கிழமை சவுனா, எங்கள் நீராவிக் குளியல். அவனைத் தனியாக அந்தச் சூட்டுக் கல் அடுப்புப் பக்கம் விட மனமில்லை. கூடவே போய் உட்கார்ந்தேன். எனக்குச் சூடு ஆகாது என்று அவனுக்குத் தெரியும்.

"என்ன, காதல் முத்திப்போச்சா?" என்று கல்லில் தண்ணீர் தெளித்தான்.

"ஆமா," என்றேன். வேர்வையோடு வேர்வையாகக் கண்ணும் வடிந்தது. நல்லவேளை.

மத்தியானம் ஏலக்காய் ரொட்டிக்கு மாவு பிசையும்போது லின்னேயா கேட்டாள்.

"அம்மா, அப்பா அப்பப்ப நின்னு போறாரே, அது ஏன்?"

என் கை மாவிலேயே நின்றது.

"எப்படி நின்னு?"

"அப்படியே நிப்பாரு. நான் விசில் அடிச்சுப் பாப்பேன். காதுல விழாது. அப்புறம் தானா வந்துடுவாரு. உனக்குத் தெரியும்னு நினைச்சேன்."

"கார் ஓட்டும்போதுமா?"

"கார்ல பாத்ததில்ல."

பார்த்ததில்லை. நடந்ததில்லை என்று சொல்லவில்லையே! என் குழந்தை எத்தனை நாளாக விசில் அடித்துக்கொண்டிருக்கிறாள்? இடுப்பு வலிக்கிறது, ஸ்டியரிங் பிடித்தால்தான் சரியாக இருக்கிறது என்று எதையோ சொல்லி இன்று முழுக்க நானே ஓட்டினேன். திங்களிலிருந்து வேலைக்கும் நானே கொண்டுபோய் விடுவேன். என்ன சாக்குச் சொல்வேனோ.

செப்டம்பர் 7, ஞாயிறு

இடம் மாற்றினால்தான் நானும் லின்னேயாவும் வருவோம் என்று சொல்லிவிட்டேன். நீ முன்னால், நான் பின்னால்.

"பாரமானவன் முன்னால உக்காந்தா தோணி மூக்கைத் தண்ணிக்குள்ள விடும். ஊரே கைகொட்டிச் சிரிக்கும்."

"சாப்பாட்டு மூட்டையை எனக்குப் பின்னால வை. சரியாப் போயிடும்."

"உனக்குத் திருப்பத் தெரியுமா?"

"உன் முதுகு என் கண்ணுல படணும். மத்ததைக் கத்துக்கறேன்."

அவன் முகம் தொங்கிப் போயிற்று. நாளைக்கு ஊர் ஏரியில் ஒரு ஒத்திகை பார்க்கலாம் என்றான். எனக்காக ஒத்துக்கொண்டானாம்.

செப்டம்பர் 8, திங்கள்

இன்றே எழுதிவிட வேண்டும்.

வேலை விட்டு வந்ததும் போனோம். காற்றே இல்லை. அவன் முன்னால், லின்னேயா நடுவில், நான் பின்னால், எனக்கும் பின்னால் எடைக்கு ஒரு அரிசி மூட்டை. மூவருக்கும் லைஃப் ஜாக்கெட்டை நானே இழுத்துப் பூட்டினேன். முதலில் தோணி குடித்தவன் மாதிரி போயிற்று. "வட்டமடிக்கவா வந்தோம்?" என்றான் திரும்பாமலே. சிரித்தேன். அவன் அகலமான முதுகு கண் முன்னால் இருந்தது, எத்தனையோ நாளுக்குப் பிறகு மூச்சு இறங்கியது.

படகுத் துறையைத் தாண்டியதும் அவன் துடுப்பு நின்றது.

முதுகு நிமிர்ந்தபடியே இருந்தது. துடுப்பு மட்டும் கையில் தொங்கிற்று. கூப்பிட்டேன். லின்னேயா விசில் அடித்தாள். ஐயோ, அந்த விசில்! துடுப்பு நழுவ ஆரம்பித்தது. அதைப் பிடிக்க அவன் பக்கவாட்டில் சாய்ந்தால்—

"எழுந்திருக்காதே! எழுந்திருக்காதேடி!"

அவள் எழவில்லை. மண்டியிட்டு நகர்ந்து போய் அவன் விரல்களுக்குள்ளிருந்து துடுப்பை உருவிக்கொண்டாள். நான் எப்படித் தோணியைக் கரைப்பக்கம் திருப்பினேன் என்று எனக்கே தெரியாது.

நாணல் அருகே வரும்போது அவன் வலது கை அசைந்தது. துடுப்புப் போடுகிறான், கையில் துடுப்பில்லாமல். வெறும் காற்றை இழுத்தான். மறுபடி இழுத்தான். பிறகு கையைப் பார்த்தான்.

"என் துடுப்பு எங்க?"

"என்கிட்ட இருக்குப்பா."

அவன் திரும்பினான். அவள் மடியில் துடுப்பு. பக்கத்தில் நாணல். படகுத் துறை தூரத்தில், அவன் கடைசியாகப் பார்த்த இடத்தில் இல்லாமல்.

கரையில் இறங்கிக் கவிழ்த்த தோணிமேல் உட்கார்ந்தான். "கையிலேர்ந்து உருவியிருக்கா கிரெட்டா. எனக்குத் தெரியல. யாரோ என் கையிலேர்ந்து எடுத்தது எனக்குத் தெரியவே இல்ல." இந்த மனுஷன் பயந்து நான் பார்த்ததே இல்லை. நான் கட்டிக்கொண்டேன். லின்னேயா துடுப்பை விடாமல் நின்றாள். அவன் பாக்கெட்டிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து, நான் கேட்காமலே, என் கையில் வைத்தான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

கிளினிக். அவனே சொன்னான். "நான் நின்னு போறேனாம்," என்றான். எதையும் மறைக்கவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

இன்றுதான் அந்தத் தேதி. போகவில்லை. வெயில் அடிக்கிறது, பாழாய்ப் போன வெயில். மழையாவது பெய்திருக்கக் கூடாதா?

செப்டம்பர் 18, வியாழன்

தலையைப் படமெடுத்தார்கள். கட்டி எதுவும் இல்லை. வலிப்பில் இது ஒரு வகையாம், கீழே விழாமல் ஆளை மட்டும் கொஞ்ச நேரம் காணாமல் போகச் செய்யும். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் மந்தமாகவும் எரிச்சலாகவும் இருக்கிறான். இந்தப் பனிக்காலத்துக்கு வண்டி கிடையாது, பட்டறையில் வேலை. கார்டி தினமும் கொண்டுபோய் விடுகிறான். "டாக்ஸிக்குக் காசு வேண்டாம், என் கிண்டலைத் திருப்பாமக் கேட்டா போதும்," என்கிறானாம். நான் இன்னும் ஆர்வோ பல் தேய்க்கும் சத்தத்தைக் கதவுக்கு வெளியே நின்று கேட்கிறேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

தோணியில் போகலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன், கேட்கக் கூடாதோ என்று பயந்துகொண்டே. சின்ன ஏரி, அமைதியான நாள், கரையோரமாக, கையில் துடுப்பு இல்லாமல், லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாமல் என்றால் சரி என்றார்.

நான்தான் கேட்டேன். அவன் இல்லை. இவ்வளவுக்கும் பிறகு நான் ஏன் கேட்டேன்?

செப்டம்பர் 28, ஞாயிறு

இப்போதுதான் வீடு வந்தோம். கூடாரம் கொல்லையில் காய்கிறது. எலி கடித்த இடத்தை அவன் தைத்துவிட்டான்.

அனுமதிச் சீட்டு தேவைப்படாத ஏரி. ஒரே இரவு. லின்னேயா முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள், ராணி மாதிரி. நான் பின்னால். ஆர்வோ நடுவில், சாப்பாட்டு மூட்டைக்கு முதுகைச் சாய்த்து, என்னைப் பார்த்தபடி. கரையை விட்டதும் திருப்புவதைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தான்.

"நல்ல மூட்டை பேசாது," என்றாள் லின்னேயா திரும்பாமல்.

அவன் சிரித்தான். தோணியில் அவன் முகத்தை இப்படி எதிரே வைத்துக்கொண்டு நான் போனதே இல்லை. மாத்திரையால் கொஞ்சம் ஊதியிருக்கிறது. மேப்பிள் சிவந்திருந்ததாம். நான் பார்க்கவில்லை, அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் ஒரு தடவை பேச்சை நிறுத்தினான். என் துடுப்பு தண்ணீருக்கு மேலேயே நின்றுவிட்டது.

"நாரை," என்றான் மெதுவாக. "நாரையைப் பாத்தேன், அவ்வளவுதான். இங்கதான் இருக்கேன்."

பிறகு என் துடுப்பைப் பார்த்தான். மறுபடி ஆரம்பித்தான். கார்டியின் நாய், பட்டறையில் தொலைந்த ஸ்பானர், கஞ்சியில் நான் போடுகிற உப்பு. பதிலை அவன் எதிர்பார்க்கவில்லை, அவன் குரல் கேட்டுக்கொண்டே இருந்தால் எனக்குப் போதும். கரை சேரும் வரை அவன் வாயை மூடவே இல்லை.